உப்புக் குறைந்த இருதயம்

மாநியாத்தி கசாப்புக் கடையில் ஒரு மாட்டு இருதயத்தை வாங்கி, "நாய்க்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கடைக்காரர் நம்பிவிட்டார். அவருக்கென்ன, அவர் கடைத்தெருவில் இருக்கிறார். நான் பக்கத்து வீட்டு லவ்மோரம்மா. அந்த வீட்டில் நாய் கிடையாது.

நாய் மட்டுமல்ல, இருதயமும் கிடையாது. மாநியாத்தி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆட்டு இருதயம், மாட்டு இருதயம், ஏன், சுண்டுவிரல் நுனி அளவு கோழி இருதயம்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. அவள் கணவர் முரம்பிவா மோயோ குலம்; மரியாதைக்கு அவரைக் கூப்பிடுவதும் 'மோயோ' என்றுதான். மோயோ என்றாலே இருதயம்தான். குலத்தின் பெயர் எதுவோ அதைத் தின்னக் கூடாது. தின்றால் பல் கொட்டிவிடும். எங்கள் ம்கோபா பேட்டையில் பால்பல் விழாத பிள்ளைக்கும் இது தெரியும்.

சிங்கக் குலத்துக்காரன் சிங்கக்கறி தின்னாமல் இருப்பது ஒரு விரதமா? யானைக் குலத்துக்காரனுக்கு யானையை யார் சமைத்துப் போடப் போகிறார்கள்? மீன் குலமும் இருதயக் குலமும்தான் பாவம். விருந்துக்குப் போனாலும் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள், வியாழக்கிழமை காலை, ஒரு முழு இருதயம் பிளாஸ்டிக் பைக்குள் ஒளிந்துகொண்டு போனது. எல்லாம் செனாயால் வந்த வினை.

செனாய், மழை ஓய்ந்த கையோடு எதிர்வீட்டு முன்கட்டு அறைக்குக் குடிவந்தவள். பழைய துணி மூட்டையை மொத்தமாக வாங்கிச் சந்தையில் பிரித்து விற்கிறாள். நல்ல உயரம், அதைவிட நல்ல சிரிப்பு. "புருஷன்?" என்று கேட்டால் "இருந்தாரு" என்பாள். செத்தாரா ஓடினாரா என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். வந்த அன்றே முரம்பிவா அவளிடம், "என்ன குலம்மா நீ?" என்று கேட்டார். "மோயோ" என்றாள். அவ்வளவுதான்.

"அட, என் தங்கச்சி!"

கூடப் பிறந்தவர் ஒருவரும் இல்லாத மனிதர். ஐம்பது வயதில் தங்கச்சி கிடைத்தால் தலைகால் புரியுமா? எங்கள் பக்கத்தில் ஒரே குலம் என்றால் ஒரே ரத்தம். நேற்று பஸ்ஸில் பார்த்தவளானாலும் தங்கை தங்கைதான். அவளைத் தொட நினைப்பது பெரும் பாவம். ஆகவே மனைவி சந்தேகப்படக்கூட வழியில்லை. வாயைத் திறந்தால், "கூடப் பிறந்தவளோட சேர்த்துப் பேசுறாளே, இவ மனசு சாக்கடையா?" என்று ஊர் அவளைத்தான் காறித் துப்பும்.

புருஷனின் தங்கை என்றால் சும்மாவும் இல்லை. அவள் நாற்காலியில் உட்காருவாள். அண்ணன் பெண்டாட்டி முட்டி போட்டுக் கைகழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிள்ளைகள் கூப்பிடுவதுபோல் இவளும் "அத்தை" என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும், அவள் பத்து வயது இளையவளாக இருந்தாலும். மாநியாத்தி தண்ணீர் ஊற்றினாள். முட்டியும் போட்டாள். "அத்தை" மட்டும் இந்த நாள்வரை அவள் வாயிலிருந்து வரவில்லை.

"அத்தைன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு தேஞ்சிடுமா?" என்று முரம்பிவா ஒருநாள் கத்தியது என் சமையலறைவரை கேட்டது.

"தேயாது. கசக்கும்" என்றாள்.

இதற்கெல்லாம் மேல், வருகிற சனிக்கிழமை அவர்கள் மகள் ரூவிம்போவைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண்ணுக்குப் பரிசமாக எத்தனை மாடு என்ற பேச்சு. அன்றைக்கு நடுக்கூடத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவது அம்மா அல்ல, அத்தை. மாப்பிள்ளையை அடையாளம் காட்டச் சொல்வது அத்தை. பெற்றவள் அடுக்களையில் சட்ஸா என்ற சோளமாவுக் களியைக் கிண்டிக்கொண்டு கதவிடுக்கால் பார்க்க வேண்டியதுதான். முந்தாநாள் வந்த துணிக்காரி தன் மகளுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறாள் என்ற நினைப்பில் மாநியாத்திக்கு ஒரு வாரமாக எதைத் தின்றாலும் செரிக்கவில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம்.

கரண்ட் இல்லை. அதனால் அவள் வெளியே விறகடுப்பில் சமைத்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு செங்கல் விழுந்த ஓட்டை இருக்கிறது. அது தானாக விழுந்ததா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்.

"என்ன மாநியாத்தி, ரெண்டு சட்டி கொதிக்குது?"

"ஒண்ணு அவருக்கு. ஒண்ணு அவரு தங்கச்சிக்கு."

"தங்கச்சிக்குத் தனிச் சட்டியா?"

"தனியா கவனிக்க வேணாமா லவ்மோரம்மா? சனிக்கிழமை மகாராணி இல்லையா அவ!"

கையில் பிளாஸ்டிக் பையை உறைபோல மாட்டிக்கொண்டு அவள் எதையோ துண்டு போட்டாள். கரும்சிவப்பு. கெட்டி. நான் கண்ணை ஓட்டையில் நன்றாகப் பொருத்திக்கொண்டேன்.

"அடிப்பாவி. இருதயமா?"

"மெல்ல."

"கையில பை எதுக்கு? நீ காட்டெருமைக் குலத்துப் பொண்ணு. உனக்கு அது விலக்கு இல்லையே."

"எனக்கு இல்ல. அவருக்குத்தானே விலக்கு? இதைத் தொட்ட கையால அவருக்கு எப்படிச் சோறு போடுவேன்? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அவரு தட்டுக்குக் காவல் காக்கிறவ நான். கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல எல்லாம் அவருக்கு முன்னாடி நான்தான் குழம்பைக் கிளறிப் பாப்பேன்."

சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே விறகை உள்ளே தள்ளி அந்தக் குரலை எரித்துவிட்டாள்.

"அவ இதைத் தின்னட்டும். தின்னா மோயோ இல்ல. மோயோ இல்லன்னா தங்கச்சி இல்ல. தங்கச்சி இல்லன்னா தெருவுல நிக்கட்டும்."

"தின்னலைன்னா?"

"தின்னுவா. பட்டறை வாசல்ல 'மோயோ வெல்டிங்'னு ஆள் உயரத்துக்கு போர்டு மாட்டி வெச்சிருக்காரு. எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச எவளும் அதைப் படிச்சிட்டு வந்து 'நானும் மோயோ'ன்னு சொல்லலாம். இலவசமா ஒரு அண்ணன். இலவசமா ஜன்னல் கம்பி."

ஜன்னல் கம்பி விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். செனாயின் அறை ஜன்னலுக்கு முரம்பிவா தன் பட்டறையில் கம்பி அடித்துக் கொடுத்தார். ஊரில் எல்லோருக்கும் குறுக்கும் நெடுக்குமாக அடிப்பவர், இவளுக்கு மட்டும் நடுவில் ஓர் இருதய வடிவம் வளைத்து வைத்தார். குலச்சின்னமாம். இருக்கலாம். மாநியாத்தி வாசல் பெருக்கும்போதெல்லாம் அந்த இருதயம் நேரே அவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அவள் வீட்டு ஜன்னலிலோ, இத்தனை வருஷமும் வெறும் சதுரக் கட்டம்.

"நீ மத்தியானம் வா" என்றாள். "சாட்சி வேணும்."

கூப்பிடாமலே போயிருப்பேன். கூப்பிட்ட பிறகு கேட்க வேண்டுமா?

மத்தியானம் அவர்கள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். செனாயின் துணி மூட்டை முரம்பிவாவின் சைக்கிளில் ஏறி வந்தது. அவர் சைக்கிளைத் தள்ள, அவள் வறுத்த கடலையை உரித்து உரித்து அவர் உள்ளங்கையில் போட்டுக்கொண்டே நடந்தாள். மஞ்சள் கம்பளிச் சட்டை. ஜூன் மாதக் குளிரில் தெருவில் வேறு எதுவும் அவ்வளவு பளிச்சென்று இல்லை. மாநியாத்தி கதவருகே நின்று பார்த்தாள். கையிலிருந்த கரண்டியை அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.

"அண்ணி, வாசனை தெருமுனை வரைக்கும் வருது!" என்றாள் செனாய். "நேத்து மாதிரி எண்ணெய அள்ளி ஊத்தலையே? அண்ணனுக்குத் தொப்பை விழுது பாருங்க."

"அவரு தொப்பையை நான் பாத்துக்கறேன்" என்றாள் மாநியாத்தி. "நீங்க உக்காருங்க."

செனாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால்மேல் கால். முரம்பிவா எதிர் நாற்காலி. நானும் மாநியாத்தியும் தரையில் பாய். ரூவிம்போ கல்லூரிக்குப் போயிருந்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாமல் இருந்தது நல்லதுதான்.

மாநியாத்தி முட்டி போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். செனாய் கையை நீட்டிக் கழுவிக்கொண்டே சனிக்கிழமையைப் பற்றிப் பேசினாள்.

"ரூவிம்போகிட்ட சொல்லியிருக்கேன் அண்ணா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா உடனே தலையாட்டிடாதடின்னு. கொஞ்சம் பிகு பண்ணிக்கிட்டு, அப்புறம் என்னைப் பாரு, நான் கண்ணைக் காட்டினதும் சொல்லுன்னேன்."

"பாத்தியா?" முரம்பிவா மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "அத்தைன்னா இப்படி இருக்கணும். நாளைக்கு எங்கம்மா பஸ்ல வர்றாங்க. என் தங்கச்சியைப் பாத்தா பூரிச்சுப் போயிடுவாங்க."

"பூரிக்கட்டும்" என்றாள் மாநியாத்தி. தண்ணீர் கொஞ்சம் செனாயின் மடியில் தெறித்தது. தவறித்தான் தெறித்தது என்று எழுதிவைக்கிறேன்.

தட்டுகள் வந்தன. சட்ஸா வெள்ளையாகக் குவிந்து ஆவி விட்டது. பக்கத்தில் கீரை. முரம்பிவாவின் தட்டில் குடல் குழம்பு. செனாயின் தட்டிலும் குடல் குழம்புதான். ஆனால் குடலுக்கு நடுவே சதுரம் சதுரமாகக் கரும்துண்டுகள். எனக்கு வெறும் கீரைதான் வைத்தாள். சாட்சிக்கு அது போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

செனாய் சட்ஸாவைக் கிள்ளி உருட்டினாள். குழம்பில் தோய்க்கப் போனாள்.

கை நின்றது.

உருண்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். விரலால் ஒரு துண்டை மெல்லத் திருப்பினாள். இன்னொன்றையும் திருப்பினாள். அதில் வெள்ளையாக ஒரு குழாயின் விளிம்பு தெரிந்தது. தட்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"அண்ணி. இதுல இருதயம் இருக்கு."

மாநியாத்தியின் முகத்தை நான் பார்த்தேன். அவள் எதிர்பார்த்திருந்தது இது இல்லை. செனாய் ஆசையாகத் தின்பாள், தின்று முடித்ததும் தான் எழுந்து நின்று ஊரைக் கூட்டலாம் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தாள். தின்னாவிட்டால் என்ன சொல்வது என்பதற்கு அவளிடம் வசனம் இல்லை.

"இருதயமா? சேச்சே!" என்றாள். "அது குண்டிக்காய்."

"குண்டிக்காய்ல குழாய் இருக்காது அண்ணி."

"இந்த மாட்டுக்கு இருந்திருக்கு!"

"நாங்க மோயோ வீட்டுப் பிள்ளைங்க. நடக்கப் பழகுறதுக்கு முன்னாடி இதைப் பாக்கப் பழகினவங்க." செனாயின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம். இப்படித் தட்டுல வெச்சிருக்க வேண்டாம்."

"அண்ணா, கேட்டீங்களா உங்க தங்கச்சி பேசுறதை!" மாநியாத்தி பதற்றத்தில் புருஷனையே அண்ணா என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுல நான் இருதயம் சமைப்பேனா? இத்தனை வருஷத்துல சமைச்சிருக்கேனா? எங்கம்மா மேல சத்தியமா அது குண்டிக்காய்!"

முரம்பிவா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர், அதை இப்போதும் சொல்கிறேன். அவர் மனைவியைத்தான் நம்பினார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காத" என்றார். "என் பொண்டாட்டிக்குக் கோபம் வரும், பொறாமை வரும், தட்டைக்கூட விட்டெறிவா. ஆனா இருதயத்தை இந்த வீட்டுக்குள்ள கொண்டு வர மாட்டா. என் பல்லைக் காப்பாத்தினவளே அவதான். இங்க பாரு."

சொல்லிக்கொண்டே குனிந்து, செனாயின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார்.

அந்தத் துண்டு தட்டிலிருந்து வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? மாநியாத்திக்கு அது ஒரு யுகம். கத்தினால் பொய் வெளிப்படும்; துணிக்காரி ஜெயிப்பாள்; சனிக்கிழமை மட்டுமல்ல, இனி எந்தக் கிழமையும் இந்த வீட்டில் அவள் தலைநிமிர முடியாது. கத்தாவிட்டால், தான் காவல் காத்த அந்த வாயில், தன் கையாலேயே சமைத்த குலவிலக்கு போய் விழும்.

"வேண்டாம்!" என்று பாய்ந்தாள். "மோயோ, துப்புங்க! இருதயம்தான்! இருதயம்தான் அது!"

பாயில் கால் தடுக்கி அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அவர் ஏற்கெனவே மென்றுகொண்டிருந்தார்.

பொறாமை பிடித்தவள்தான். ஆனாலும் அந்த நொடியில் அவள் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. தலைக்கேறிவிடும்.

முரம்பிவா துப்பவில்லை. கண்ணை லேசாக மூடினார். வெகுகாலம் கழித்துப் பழைய சிநேகிதனைப் பஸ் நிலையத்தில் பார்த்தவன் முகம் ஒன்று உண்டே, அந்த முகம். நிதானமாக மென்று விழுங்கினார்.

"உப்பு பத்தல" என்றார்.

நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டே தொடர்ந்தார்.

"இருதயத்தை முதல்ல உப்புத் தண்ணியில ஊற வெக்கணும். அப்பத்தான் உள்ள இறங்கும். இல்லன்னா இப்படித்தான் ரப்பர் மாதிரி…"

அங்கே நின்றார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் கேட்டது.

வெளியே அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. மாநியாத்தி முட்டியை விடாமல் தலையை மட்டும் தூக்கினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன?"

"ஊற வெக்கணும்னு. உப்பு இறங்கணும்னு. நான் இதை வாழ்க்கையில முதல் தடவையா சமைக்கிறேன். மோயோ வீட்டு ஆம்பள உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செனாய் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினாள்.

முரம்பிவா வாயைத் துடைத்தார். துடைத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைத் தீக்காயங்கள் நிறைந்த பெரிய கை.

"எங்கம்மா அந்த மோயோ வீட்டுக்குக் கட்டிக்கிட்டு வரும்போது நான் கைக்குழந்தையா அவங்க முதுகுத் துணியில இருந்தேன்" என்றார். "அப்பாதான் என்னை வளத்தாரு. பேரு கொடுத்தாரு, குலம் கொடுத்தாரு. ஆடு அடிச்சா இருதயத்தை வெளியாளுக்குக் கொடுத்துடுவாங்க. அம்மா அதுல கொஞ்சம் எடுத்து வெச்சு, உப்புல ஊறப்போட்டு, அடுக்களையில கதவைச் சாத்திட்டு எனக்கு ஊட்டுவாங்க. 'உனக்கு இது பாவமில்லடா. வாயை நல்லா துடைச்சுக்க'ம்பாங்க."

"நீங்க கேக்கலையா?" நான்தான் கேட்டேன். சாட்சி வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் உண்டா?

"பல் ஆடுதான்னு தினமும் தொட்டுப் பாப்பேன் லவ்மோரம்மா. ஒண்ணும் ஆகல. அப்பவே புரிஞ்சிருக்கணும். புரிஞ்சிக்கப் பிடிக்கல. 'நான் யாரு?'ன்னு கேட்டா, அந்த மனுஷன் என் அப்பா இல்லன்னு ஆயிடும். அவரு சாகுற வரைக்கும் என்னைச் சின்ன மோயோன்னுதான் கூப்பிட்டாரு."

முரம்பிவா என்றால் வேண்டாமென்று தள்ளப்பட்டவன் என்று அர்த்தம். எங்கள் பெண்கள் வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைக்குப் பெயராக வைத்துவிடுவார்கள். இத்தனை வருஷம் அந்தப் பெயரை சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ நீங்க என்ன குலம்?" மாநியாத்தியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"தெரியாது."

"உங்கம்மாவுக்கு?"

"தெரிஞ்சிருக்கும். நாளைக்கு வர்றாங்கல்ல. கேக்கறேன். சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி என் குலத்தைச் சொல்லித்தானே ஆகணும்."

அவருடைய அம்மா சிலோபேலாக்காரி; பெற்ற அப்பனும் அந்த ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். சிலோபேலாவில் கல்லை விட்டெறிந்தால் பாதிக் கல் காட்டெருமைக் குலத்தான் கூரையில்தான் விழும். மாநியாத்தியின் அப்பா வீடும் அங்கேதான். இந்தக் கணக்கு எனக்குப் போட வந்தது. அவளுக்கும் வந்தது என்பது அவள் கை அவர் முட்டியிலிருந்து மெல்ல விலகியதில் தெரிந்தது. அவரும் காட்டெருமை என்றாகிவிட்டால், இந்த வீட்டில் முரம்பிவாவுக்குத் தங்கச்சி ஒருத்தி இருப்பாள்தான். அது செனாயாக இருக்காது.

அப்போதுதான் செனாய் எழுந்தாள்.

எழுந்தவள் நேரே வாசலுக்குப் போகவில்லை. நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கினாள். முட்டிகளைச் சேர்த்து ஒரு பக்கமாக மடித்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, மெல்லத் தட்டினாள். அந்நிய ஆண் முன்னால் பெண்கள் வைக்கும் மரியாதை அது. தங்கை அண்ணனுக்கு அப்படிச் செய்வதில்லை. இந்த வீட்டில் அவள் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்தபோதும் அழகாகத்தான் இருந்தாள். என்ன செய்வது?

"கூப்பிட்டு உக்கார வெச்சதுக்கு நன்றி…" என்றாள். நன்றிக்குப் பின்னால் குலப்பெயர் வர வேண்டும். அவள் உதடு 'மோ' என்று குவிந்து, பிரிந்தது. "நன்றி, ஐயா."

ஐயா! மாநியாத்தி அந்தச் சொல்லைச் சூடுபட்டவள்போல் வாங்கிக்கொண்டாள்.

முரம்பிவா தடுமாறி எழுந்தார். "பரவாயில்ல தங்…" என்று ஆரம்பித்தவர், நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாத்துப் போயிட்டு வாங்க."

நேற்றுவரை வா, போ. இப்போது வாங்க.

அந்த 'ங்க' இருக்கிறதே, அதுதான் மாநியாத்தியின் கண்ணைத் திறந்தது. தங்கை என்று அவர் சிரித்தபோது எரிந்தாளே, அது ஒரு எரிச்சலா? இப்போது அவர் சிரிக்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரியின் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது ஆண்பிள்ளைக்கு ஒரு பெண் முன்னால் திடீரென்று கூச்சம் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த மனைவிக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரே குலம் என்ற வேலி அங்கே நின்றிருந்தது. ஊரே காவல் காத்த வேலி. குறுக்கே நின்று மறைக்கிறதே என்று அவளே கடைக்குப் போய், அவளே காசு கொடுத்து இருதயம் வாங்கி வந்து, அவளே வேலியைக் கொளுத்திவிட்டாள்.

செனாய் துணி மூட்டையைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள். மாநியாத்தி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். தட்டில் கீரைதானே இருந்தது.

"அத்தே!"

தெரு திரும்பிப் பார்த்தது. தக்காளி விற்பவள் எடையைப் பாதியில் நிறுத்தினாள்.

"அத்தே! ஒரு நிமிஷம் நில்லுங்க அத்தே! கோவிச்சுக்காதீங்க! சனிக்கிழமை எம் பொண்ணு பக்கத்துல நீங்கதான் உக்காரணும் அத்தே!"

இத்தனை மாதம் வராத சொல், இப்போது மூச்சுக்கு மூச்சு வந்தது. செனாய் தன் அறைக்கு முன்னால், இருதயம் வளைத்த அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். மூட்டையை இறக்காமலே மெதுவாகத் திரும்பினாள். அவள் பார்வை மாநியாத்தியைத் தாண்டி, வாசலில் வந்து நின்றிருந்த முரம்பிவாவிடம் ஒரு கணம் போய்விட்டுத்தான் வந்தது.

"யாரைக் கூப்பிடுறீங்க, சிஸ்டர்?" என்றாள்.